கருங்கல் மதிலும் காப்பிக் காடும்: ஆப்பிரிக்காவின் பழைய அரசுகள் குறித்து வாசகர் கேள்விகள்

ஆப்பிரிக்காவின் பழைய அரசுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் அவரவர் தொழிலிலிருந்தும் நிலத்திலிருந்தும் எழுந்தவை. அந்த அரசுகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்றே கருதுகிறேன். ஏனெனில் அவற்றின் கோட்டையையும் காட்டையும், கலையையும் தானியத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் இரண்டுமே விளங்காமல் போய்விடும்.

கேள்வி: என் தகப்பனார் கருங்கல் குவாரியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பதினோரு மீட்டர் உயரத்துக்குக் கல் மதில் எழுப்பினார்கள் என்று நீங்கள் எழுதியதை அவர் நம்ப மறுக்கிறார். கிரேட் சிம்பாப்வேயை உண்மையில் கட்டியவர்கள் யார்? அதை வெளிநாட்டார் கட்டியதாகவும் சிலர் சொல்கிறார்களே?
— கல்லூரி மாணவி, சங்ககிரி

பதில்: தங்கள் தகப்பனாருக்கு இதை விளக்குவது எளிது, ஏனென்றால் விடை கல்லிலேயே இருக்கிறது. இன்றைய சிம்பாப்வே நாட்டிலுள்ள பழைய கல் நகரமான கிரேட் சிம்பாப்வேயைச் சுற்றியுள்ள குன்றுகள் நம் சங்ககிரி மலையைப் போல வழுவழுப்பான பாறைக் குன்றுகள். பகல் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் அந்தக் கருங்கல் வெங்காயச் சருகுபோலப் படலம் படலமாகப் பிளந்து கழன்று வரும் இயல்புடையது. கழன்ற பலகை ஏறத்தாழ ஒரே கனமாக இருக்கும். அதைக் குறுக்கே தட்டினால் செங்கல் அளவுக்குத் துண்டுகள் கிடைத்துவிடும். பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றி, பிறகு தண்ணீர் ஊற்றி இந்தப் பிளவை அவர்கள் விரைவுபடுத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விறகடுக்கித் தீ மூட்டிப் பாறையைப் பிளப்பதை நம் பக்கத்துப் பெரியவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள்.

இனி மதிலுக்கு வருவோம். பெருஞ்சுற்று மதில் எனப்படும் வெளிச்சுவரின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர். அடியில் ஐந்து மீட்டர் அளவுக்குக் கனம் இருக்கும். மேலே போகப் போகச் சுவர் உள்நோக்கிச் சற்றே சாய்ந்து ஒடுங்குகிறது. எனவே கற்களைப் பிடித்து நிறுத்துவது சாந்து அன்று. கல்லின் பாரமும் அந்தச் சாய்வும்தான். ஒரு பகுதியில் மதிலின் உச்சியில் கற்களைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கி, கோலத்தில் வரும் கோணல்மாணல் வரிசைபோல ஓர் அலங்காரப் பட்டையை ஓட்டியிருக்கிறார்கள். கோட்டைக்காக மட்டும் கட்டியவர்கள் இப்படிப்பட்ட வேலைக்கு நேரம் செலவிட்டிருக்க மாட்டார்கள். அது அரசனின் பெருமையைச் சொல்ல எழுந்த மதில்.

கட்டியவர்கள் அந்நாட்டு ஷோனா மக்களின் முன்னோர்கள். 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை அங்கே ஒரு தலைநகரம் செழித்திருந்தது. கால்நடையும், இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களுக்குச் சென்ற பொன்னும் அதன் செல்வம். சீனப் பீங்கான் ஓடுகளும் ஆசியக் கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஷோனா மொழியில் ‘கல் வீடுகள்’ என்று பொருள்படும் சொல்லே இன்று ஒரு நாட்டின் பெயராக நிற்கிறது.

வெளிநாட்டார் கட்டினர் என்ற கதை எப்படிப் பிறந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். 1871-இல் அங்கே சென்ற ஜெர்மானியப் பயணி கார்ல் மௌக், வாசல் உத்தரத்திலிருந்து ஒரு மரச் சிராயைப் பெயர்த்து, அதைத் தம் கையிலிருந்த பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது லெபனான் தேவதாரு, ஆகவே இது பைபிளில் வரும் ஷேபா அரசியின் மாளிகை என்று முடிவுகட்டினார். உண்மையில் அது உள்ளூர் மரம். ஒரு பென்சிலை நம்பி ஓர் இனத்தின் உழைப்பையே வேறொருவர் பெயருக்கு எழுதிவைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அதன்பின் வந்த ரிச்சர்ட் ஹால், ‘பிற்காலக் குப்பை’ என்று கருதி மீட்டர் கணக்கில் மண்ணடுக்குகளை வாரிக் கொட்டிவிட்டார். அந்தக் குப்பைதான் அங்கே வாழ்ந்த மக்களின் வரலாறு. 1905-இல் டேவிட் ராண்டால்-மக்கைவரும், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் முறையாக அகழ்ந்து, இது ஆப்பிரிக்கரின் படைப்பே என்று நிறுவினார்கள். அதற்குப் பிறகும், வெள்ளையர் ஆட்சி இருந்த காலம் முழுவதும், அங்கே பழைய கதையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. 1980-இல் நாடு விடுதலை பெற்றது. 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த இடம் சேர்ந்தது.

தங்கள் தாயார் சமையலறையில் கல்சட்டி வைத்திருந்தால் இதையும் சொல்லுங்கள். அங்கே கண்டெடுக்கப்பட்ட எட்டுப் பறவைச் சிற்பங்களும் மாக்கல்லில் செதுக்கப்பட்டவை. சேலத்துக் கல்சட்டி கடையப்படுவதும் அதே வகை மென்கல்லில்தான். அந்தப் பறவைதான் இன்று சிம்பாப்வேயின் கொடியில் அமர்ந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறது. காப்பிக்கும் ஆப்பிரிக்க அரசு ஒன்றுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அரபு நாட்டிலிருந்து வந்தது என்றுதானே நாங்கள் கேட்டிருக்கிறோம்?
— தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: இரண்டும் உண்மை. செடி பிறந்தது எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில். அதைப் பயிராக்கி உலகுக்குக் கொடுத்தது செங்கடலுக்கு அப்பாலுள்ள யேமன். 15-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூஃபி துறவிகள் இரவு வழிபாட்டில் விழித்திருக்கக் காப்பி அருந்தினார்கள். சிக்மகளூர் மலைக்கு ஏழு விதைகளை பாபா புதன் கொண்டுவந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. சேர்வராயன் மலைக்கு அது 1820-களில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்து சேர்ந்தது.

அந்தத் தென்மேற்கு மலைகளில்தான் காஃபா அரசு இருந்தது. ஆழமான அகழிகளும் காவல் வாசல்களும் அடர்ந்த காடுமாக, பல நூற்றாண்டுகள் எவருக்கும் அடங்காமல் இருந்த அரசு அது. 1897-இல் பேரரசர் இரண்டாம் மெனிலிக்கின் படைகள் அதைக் கைப்பற்றி, கடைசி அரசர் காக்கி ஷெரோச்சோவைச் சிறைபிடித்தன. காப்பி என்ற பெயரே காஃபாவிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். மொழியறிஞர்கள் பெரும்பாலும் ‘கஹ்வா’ என்ற அரபுச் சொல்லையே மூலமாகக் கொள்கிறார்கள்.

பெயரைவிட முக்கியமானது காடு. தங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்குக் கீழே காப்பிச் செடி நிற்கிறதல்லவா? காஃபாவில் அதே செடி, யாரும் நடாமல், பெருமரங்களின் நிழலில் தானே முளைத்து நிற்கிறது. பக்கத்திலேயே எத்தியோப்பியர்களின் காட்டு ஏலம் வளர்ந்திருக்கும். கிளைகளில் தேன்கூட்டுக்காக உருளைக் கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நிழலில்தான் அராபிகா வகைக் காப்பி நன்றாக வரும் என்று தங்கள் பாட்டனார் கற்றுக்கொண்ட பாடத்தைச் செடி அந்தக் காட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறது. 2010-இல் காஃபா உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது.

இது தோட்டக்காரர்களுக்கு நேரடிக் கவலையுள்ள விஷயம். யேமனுக்கும் அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் போனது கைப்பிடி விதைகள்தான். ஆகவே உலகத் தோட்டங்களில் நிற்கும் அராபிகா முழுவதும் நெருங்கிய உறவினர்கள்; ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். இலைத்துரு நோய் 1869 முதல் இலங்கையின் காப்பியை எப்படித் துடைத்தெடுத்தது, அந்தத் தீவு தேயிலைக்கு எப்படி மாறியது என்பது தாங்கள் அறிந்ததே. அந்த நோய்க்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் மரபணு வகைகள் இன்னும் எத்தியோப்பியக் காடுகளில் இருக்கின்றன. ஆனால் காட்டு அராபிகாவே இன்று அழிவாபத்துப் பட்டியலில் உள்ளது. உலகின் 124 காட்டுக் காப்பி இனங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழியும் நிலையில் இருப்பதாக 2019-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். காஃபாவின் காடு எத்தியோப்பியாவின் சொத்து; அது போனால் ஏற்காட்டுத் தோட்டத்துக்கும் மாற்று விதை தேட இடமிருக்காது.

தங்களிடம் காப்பியின் இன்னொரு வகையான ரோபஸ்டாவும் இருக்கும். அதன் ஊர்களில் ஒன்று இன்றைய உகாண்டாவிலுள்ள புகாண்டா அரசு. அங்கே இருவர் உடன்பிறப்பு உறவு பூணும்போது, ஒருவரின் இரத்தம் தோய்ந்த காப்பிக் கொட்டையை மற்றவர் மென்று விழுங்குவது பழைய வழக்கம். அந்த அரசர்களின் கல்லறை மண்டபம் கசூபி என்னும் குன்றின் மேல் உள்ள பிரம்மாண்டமான கூரைவீடு. உள்ளே கூரையைத் தாங்கும் 52 வளையங்கள் 52 குலங்களைக் குறிக்கின்றன. ஒவ்வொரு குலமும் ஒரு விலங்கையோ செடியையோ தன் குலச்சின்னமாகக் கொண்டு, அதை உண்ணாமல் விலக்கி வைத்திருக்கிறது. 2010 மார்ச் மாதம் தீயில் எரிந்த அந்த மண்டபத்தை, புல்வேயும் உரிமை பெற்ற குலத்தாரின் கைவேலையோடு பழைய முறையிலேயே மீண்டும் எழுப்பினார்கள். 2023-இல் அது ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரிய இடங்கள் என்ற யுனெஸ்கோ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கேள்வி: உலகத்திலேயே பெரும் பணக்காரர் மாலிப் பேரரசர் மன்சா மூசாதானா?
— பள்ளி மாணவன், அஸ்தம்பட்டி

பதில்: அளந்து சொல்ல முடியாது, தம்பி. 1324-இல் அவர் மக்கா செல்லும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னால் அங்கே பொன்னின் விலையே இறங்கிவிட்டது என்று அக்கால அரபு எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் ஆண்ட திம்புக்துவில் வீடுவீடாகச் சேர்த்துவைக்கப்பட்ட கையெழுத்துச் சுவடிகளே எனக்குப் பெரிய செல்வமாகத் தெரிகின்றன. 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, உள்ளூர் மக்கள் அவற்றை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலுமாகத் தலைநகர் பமாகோவுக்கு ஒளித்துக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

கேள்வி: கஞ்சமலை அடிவாரத்தில் எங்கள் நிலத்தை உழும்போது கறுத்துக் கனத்த இரும்புக் கிட்டக் கட்டிகள் கிடைக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் இப்படி இரும்பு உருக்கிய அரசு இருந்ததா? நம் இரும்பு அங்கே போனதா?
— விவசாயி, கஞ்சமலை அடிவாரம்

பதில்: இருந்தது. இன்றைய சூடானில், நைல் நதிக்கரையில், குஷ் அரசின் தலைநகரான மெரோவே. அங்கே கிட்டம், அதாவது இரும்பை உருக்கியபின் எஞ்சும் கசடு, கட்டிகளாக இல்லை, மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மேடு ஒன்றின் உச்சியில் ஒரு கோயிலையே கட்டியிருக்கிறார்கள். இன்னொரு மேட்டைப் பிளந்துகொண்டு ரயில் பாதை போகிறது. களிமண் ஊதுகுழலும் துருத்தியும் கரியும் கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு கரிக்கு மரத்தை வெட்டி வெட்டி நாடே பாலைவனமாகி அரசு அழிந்தது என்று முன்பு எழுதினார்கள். அண்மைக்கால ஆய்வு அந்தக் கருத்தை அசைத்துவிட்டது. உலைகளில் கிடைத்த கரித்துண்டுகளை நுண்நோக்கியில் பார்த்தபோது, நூற்றாண்டுகள் கடந்தும் பெரும்பாலும் ஒரே மரத்தையே பயன்படுத்தியிருப்பது தெரிந்தது. அது தங்கள் வரப்பில் நிற்கும் அதே நாட்டுக் கருவேலம். ஆற்றோரத்தில் விரைவாகத் துளிர்க்கும் அந்த மரம் கடைசி வரை கிடைத்துக்கொண்டே இருந்தது என்றால், காட்டை மொத்தமாக அழித்தார்கள் என்ற பழி நிற்காது. வெட்டியவர்களே துளிர்க்கவும் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நம் இரும்பைப் பற்றி: கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் கடல்வழிக் குறிப்பு, இந்திய இரும்பும் எஃகும் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் அக்சும் அரசுக்குரிய அதூலிஸ் துறைமுகத்துக்கு வந்ததைச் சொல்கிறது. ஆனால் அனுப்பிய இடமாக அது குறிப்பது மேற்கிந்தியக் கடற்கரையை. அது கஞ்சமலை இரும்புதான் என்று சொல்ல ஆதாரம் இல்லாதபோது, ஆசைக்காக அப்படிச் சொல்லிவிடக் கூடாது. மெரோவேயின் பிரமிடுகளையும் குறிப்பிட வேண்டும். 1834-இல் ஃபெர்லினி என்ற இத்தாலியர் புதையலைத் தேடிப் பலவற்றின் உச்சியை இடித்துத் தள்ளினார். அரசி அமனிஷகெதோவின் நகைகள் அப்படித்தான் ஜெர்மனி போய்ச் சேர்ந்தன. 2023-இல் தொடங்கிய போரில் கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகமும் சூறையாடப்பட்டது. எஞ்சியிருப்பதாவது தப்ப வேண்டுமே என்ற பதைப்பு எனக்கு இருக்கிறது.

கேள்வி: நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பெனின் வெண்கலச் சிற்பங்களை மெழுகு வார்ப்பில் செய்தார்கள் என்பது உண்மையா?
— செவ்வாய்ப்பேட்டை வாசகர், சேலம்

பதில்: உண்மை. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. நம் சுவாமிமலைச் சிற்பிகள் செய்வதும் அதுவே. ‘வெண்கலம்’ என்று பெயர் நிலைத்துவிட்டாலும் பெரும்பாலானவை பித்தளை. இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரில், இகுன் தெருவில் வாழ்ந்த வார்ப்பவர் குலம் ஓபா எனப்பட்ட அரசருக்காக மட்டுமே வேலை செய்தது. சிறுத்தை அரசனின் விலங்கு; நீரிலும் சேற்றிலும் பிழைக்கும் மீன், நிலத்தையும் கடலையும் ஒருங்கே ஆளும் அரசனின் அடையாளம். காட்டையும் ஆற்றையும் நன்கு கவனித்த கண்ணால்தான் அந்தச் செதிலையும் புள்ளியையும் மெழுகில் அப்படி இழைத்திருக்க முடியும்.

1897-இல், காஃபா வீழ்ந்த அதே ஆண்டில், ஆங்கிலேயப் படை பெனினைத் தாக்கிக் கொள்ளையிட்டு, ஆயிரக்கணக்கான படைப்புகளை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றது. 2022-இல் ஜெர்மனி 22 பொருள்களையும், 2025-இல் நெதர்லாந்து 119 பொருள்களையும் திருப்பித் தந்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பவை இன்னும் அங்கேயே இருக்கின்றன. அவையும் திரும்ப வேண்டும் என்பதே என் கருத்து. இகுன் தெருவில் உலைகள் இன்றும் அணையவில்லை.

கேள்வி: நம் வயலில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது ஏதாவது உண்டா?
— வாழப்பாடி வாசகி

பதில்: இரவு நீங்கள் கிண்டும் களியே அங்கிருந்து வந்ததுதான். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலப் பயிர்; சோளம் கிழக்குச் சூடானில், பிற்காலத்தில் மெரோவே எழுந்த அதே பகுதியில் பயிரானது; கம்பு மாலிப் பக்கத்து மண்ணைச் சேர்ந்தது. தட்டைப்பயறும், ‘இந்தியப் பேரீச்சை’ என்று அரபியர் பெயரிட்ட புளியும் கூட ஆப்பிரிக்கத் தாவரங்களே. மூன்று தானியங்களும் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமாக இங்கே வந்து, நம்முடையவை ஆகிவிட்டன. சாமை மட்டும் நம் மண்ணிலேயே பிறந்தது.

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்தில் சாமிக்கு விட்ட சோலை ஒன்று உண்டு, அதில் கிளை ஒடிக்கக் கூடாது. அது வருடத்துக்கு வருடம் சுருங்கி வருகிறது. ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட காடுகளை எப்படிக் காக்கிறார்கள்?
— மலைக்கிராமத்து ஆசிரியர், சேர்வராயன் மலை

பதில்: இரண்டு இடங்களைச் சொல்கிறேன். நைஜீரியாவின் யொருபா மக்களின் ஓசோக்போ அரசில், ஓசுன் என்னும் ஆற்றுத் தெய்வத்துக்குரிய 75 ஹெக்டேர் காடு நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் விலக்கு. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் காடும் சுருங்கத் தொடங்கியபோது, ஆஸ்திரியாவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஓவியர் சுசான் வெங்கரும் உள்ளூர்க் கைவினைஞர்களும் சேர்ந்து கோயில்களைப் புதுப்பித்துச் சிலைகளை எழுப்பினார்கள். வழிபாடு வலுத்ததும் ஆக்கிரமிப்பு நின்றது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆகஸ்டு மாதத் திருவிழாவில் ஓர் இளம்பெண் படையல் சுரைக்குடுவையைத் தலையில் சுமந்து ஆற்றங்கரைக்கு நடந்து செல்ல, அரசரும் ஊரும் பின்னால் போவார்கள்.

மற்றொன்று எத்தியோப்பியா. அங்கே வடபகுதியில் மலைச்சரிவெல்லாம் உழவுநிலமாகிவிட்ட பிறகும், பழைய கிறித்தவக் கோயில்களைச் சுற்றி மட்டும் வட்டமாகக் காடு நிற்கிறது. வானிலிருந்து பார்த்தால் பழுப்பு நிலத்தில் பச்சைப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். மாடுகள் உள்ளே புகுந்து நாற்றுகளை மேய்ந்ததால் அவையும் ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வந்தன. பல ஊர்களில் குருமாரும் மக்களும் கூடிப் பேசி, தங்கள் வயல்களில் இடறிக் கிடந்த கற்களைப் பொறுக்கி, காட்டைச் சுற்றி இடுப்பளவுக்கு, சாந்து இல்லாமல் சுவர் அடுக்கினார்கள். வயலும் சுத்தமானது, சுவருக்குள்ளே புதுக் கன்றுகளும் தலையெடுத்தன. ஊர்க்கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். மாடு எந்தப் பக்கம் நுழைகிறதோ அந்தப் பக்கம் முதலில் அடுக்கத் தொடங்கலாம். சேர்வராயன் மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை.